வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டும் முன்: ஆம்பூர் ஷூ முதல் குடியாத்தம் லுங்கி வரை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து படிப்புக்கோ நர்ஸ் வேலைக்கோ வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் துணியில் தொடங்கி, ஷூவைக் கடைசி வாரத்தில் அவசரமாக வாங்குகிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். சட்டை சரியில்லை என்றால் போன இடத்தில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். காலைக் கடிக்கும் ஷூவோடு பனியில் நடந்து வேலைக்குப் போக முடியாது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர்கள் பக்கத்தில் இருக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் போவது வீண்.

முதலில் பாதத்தை அளந்துகொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அளப்பதுதான் சரி. நம் ஊர் வெயிலில் பகல் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் அளந்து வாங்கியது மாலையில் இறுக்கும். போகிற நாட்டில் எந்த சாக்ஸ் போடுவீர்களோ அதையே போட்டுக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டி ஒரு தாளை விரித்து, குதிகால் சுவரில் படும்படி முழு எடையோடு நில்லுங்கள். நீளமான விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடிட்டு, மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலை விட இரண்டாம் விரல் நீளம், அதைக் கவனியுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதைக் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது எண். ஷூவை உருவாக்கும் அச்சைத் தொழிற்சாலையில் லாஸ்ட் என்பார்கள். அது காலை விட 15 முதல் 20 மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். ஐரோப்பிய எண் என்பது அச்சின் நீளத்தை சென்டிமீட்டரில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் வருவது. 265 மி.மீ. காலுக்கு 280 மி.மீ. அச்சு, 28 பெருக்கல் 1.5, ஆக 42. நம் ஊரிலும் பிரிட்டனிலும் அதே ஷூ 8. ஜப்பானில் அச்சை விட்டுவிட்டுக் காலின் நீளத்தையே எழுதுவதால் அங்கே அது 26.5. 240 மி.மீ. கால் உள்ள பெண்ணுக்கு ஐரோப்பாவில் 38, இங்கே 5, ஜப்பானில் 24. அமெரிக்க எண் ஆண்களுக்கு நம் எண்ணை விடச் சுமார் ஒன்று, பெண்களுக்குச் சுமார் இரண்டு கூடுதல். ஐரோப்பிய எண் ஒன்று மாறினால் நீளம் 6.67 மி.மீ. மாறும், பிரிட்டிஷ் எண் ஒன்றுக்கு 8.47 மி.மீ. அதனால்தான் இரண்டு வரிசையும் எல்லா இடத்திலும் நேராகப் பொருந்துவதில்லை. கடைக்காரர் மனக்கணக்கில் சொல்லும் எண்ணை நம்பாமல் போட்டு நடந்து பாருங்கள்.

ஆம்பூரில் நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு, வாங்குவதாக இருந்தால் ஷூவின் உள்ளேயோ அடியிலேயோ ஒட்டியிருக்கும் சின்னப் படங்களைப் பாருங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் காலணியில் அப்பர் (மேல்பகுதி), லைனிங் (உள்பக்கம்), சோல் (அடிப்பகுதி) மூன்றும் எதனால் ஆனவை என்று காட்ட வேண்டும். விரித்த தோல் போன்ற படம் இருந்தால் தோல். அதன் நடுவே சாய்சதுரம் இருந்தால் மேற்பூச்சுள்ள தோல். பின்னல் வலை போலிருந்தால் துணி. வெறும் சாய்சதுரம் என்றால் வேறு பொருள், பெரும்பாலும் செயற்கைதான். அப்பர் தோலாக இருந்து லைனிங் செயற்கையாக இருந்தால் வியர்வை உள்ளேயே தங்கும். நாள் முழுக்க நிற்கும் வேலைக்கு அது ஆகாது.

சர்ப்ளஸில் ஏமாற்றுவது அதிகமும் சோல்தான். பி.யூ. (பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள்) சோல் வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்தால், போடாமலே ஈரக்காற்றில் உள்ளுக்குள் சிதைந்துவிடும். குதிகால் விளிம்பில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடி உதிர்ந்தாலோ அந்த ஜோடி வேண்டாம், விலை எவ்வளவு குறைந்தாலும். பிறகு விரல் மடங்கும் இடத்தில் ஷூவை வளைத்து, அப்பரும் சோலும் சேரும் கோட்டில் வாய் பிளக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குதிகால் உயரம், நிறம், எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். தோல் சோல் பார்க்க அழகுதான், ஆனால் ஈரத் தரையிலும் பனியிலும் வழுக்கும். குளிர் நாட்டுக்கு ஆழமாகக் கீறிய ரப்பர் சோல்தான். குளிர்கால ஷூவை, தடித்த சாக்ஸ் போட்டபின் விரல்கள் அசையும்படி அரை எண் கூட்டி வாங்குங்கள். இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். மெட்டி போட்டவர்கள் மெட்டியோடே போட்டுப் பாருங்கள். கனமான மெட்டி பூட்ஸுக்குள் பக்கத்து விரலை அறுத்துவிடும். மெல்லிய கம்பி மெட்டி தாங்கும்.

ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கு லேஸ் ஷூ தொல்லை. அங்கே வீட்டு வாசலில் தாழ்வான இடத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு, மேல்தளத்தில் செருப்பு மாட்ட வேண்டும். பாய் விரித்த அறையில் அந்தச் செருப்பும் கூடாது. கழிப்பறைக்குத் தனிச் செருப்பு உண்டு, அதோடு வெளியே வந்துவிடாதீர்கள். பழைய பாணி உணவகம், சில மருத்துவமனைகளிலும் கழற்ற நேரும் என்பதால் சட்டென்று மாட்டும் லோஃபர் நல்லது. ஸ்வீடன், பின்லாந்து வீடுகளிலும் ஷூவைக் கழற்றுவதே வழக்கம். ஜெர்மனியில் பல வீடுகளில் உள்ளே போடத் தனிச் செருப்பு இருக்கும். நமக்கும் செருப்பை வாசலில் விடுவது பழக்கம்தான். வேறுபாடு, அங்கே வெறுங்காலுக்குப் பதில் சாக்ஸ் கண்ணில் படும். ஓட்டையில்லாத ஏழு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், நைலான் வேண்டாம்.

நம் தெருவில் நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவது சாதாரணம். ஐரோப்பாவில் அது படுக்கையறை உடை. குப்பை போடக் கீழே இறங்கினாலும் டிராக் பேன்ட், டி-ஷர்ட்டுக்கு மாறிவிடுங்கள். லுங்கியும் அப்படியே, குடியாத்தம் லுங்கி இரண்டு எடுத்துப் போங்கள், வீட்டுக்குள் கட்டிக்கொள்ள. மியான்மரில் மட்டும் கதை வேறு: லுங்கி போன்ற உடுப்பை முன்பக்கம் முடிச்சிட்டு ஆண்கள் அலுவலகத்துக்கே போகிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் புர்கா, ஹிஜாப் அணியும் பெண்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்ஸில் 2011 முதல் பொது இடத்தில் முகத்தை மூடுவது சட்டப்படி தடை. பெல்ஜியம், ஆஸ்திரியா, டென்மார்க்கிலும் தடை உண்டு, சுவிட்சர்லாந்தில் 2025 ஜனவரி 1 முதல். தலையை மூடும் ஹிஜாபுக்குத் தெருவில் தடையில்லை. பிரான்ஸில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2004 சட்டப்படி அதுவும் கூடாது. பல்கலைக்கழக மாணவிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைப் பள்ளியில் சேர்க்கும் முன்பே யோசித்து வையுங்கள். சவூதியில் வெளிநாட்டுப் பெண்கள் அபாயா அணிய வேண்டிய கட்டாயம் 2019-இல் தளர்ந்தது, ஆனால் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். தளர்வான சுடிதார் போதும். உள்ளே ஏசி குளிரும், சால்வை ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளியைத் தொடும் வேலையில் முழங்கைக்குக் கீழே வெறுங்கை என்பது விதி. வளையல், கைக்கடிகாரம், கோயிலில் கட்டிய கயிறு எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். கல் பதிக்காத ஒரு மோதிரம் மட்டும் பொதுவாக அனுமதி. நேரம் பார்க்க மார்பில் குத்தும் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

துணி அளவுக்குச் சுருக்கமாக: பெண்கள் உடையில் இத்தாலியின் 42, பிரான்ஸின் 38, ஜெர்மனியின் 36, பிரிட்டனின் 10 நான்கும் ஏறத்தாழ ஒரே உடம்புக்கு. ஆன்லைனில் வாங்கும்போது எந்த நாட்டு எண் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

போன பிறகு ஷூவைக் காப்பாற்றுவது உங்கள் கையில். குளிர் நாடுகளில் பனி உருகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். தோல் காய்ந்ததும் வெள்ளைக் கோடாக அது பூக்கும். ஒரு பங்கு வினிகரில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் ஒரு முறை. நனைந்த ஷூவை ஹீட்டர் மேல் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, தாள் ஈரமானதும் மாற்றி, அறைச் சூட்டிலேயே ஒரு நாள் முழுக்க விடுங்கள். அதற்காகத்தான் இரண்டு ஜோடி வேண்டும். கனமான ஜோடியை விமானத்தில் காலிலேயே போட்டுக்கொண்டு, மற்றதற்குள் சாக்ஸைச் சுருட்டி வைத்தால் பெட்டியில் இடமும் எடையும் மிச்சம்.