பிளாக் மிரரை முதல்முறை பார்ப்பது எப்படி?

எந்தத் தொடராக இருந்தாலும் முதல் எபிசோடிலிருந்து பார்ப்பதுதான் வழக்கம். பிளாக் மிரரை மட்டும் அப்படித் தொடங்காதீர்கள்.

தொழில்நுட்பம் மனித வாழ்க்கையை எப்படியெல்லாம் கோணலாக்கும் என்று காட்டும் இந்தத் தொடரை உருவாக்கியவர் சார்லி புரூக்கர். இது 2011 டிசம்பரில் பிரிட்டனின் சேனல் 4-இல் ஆரம்பித்தது. முதல் கதையில் ஒரு இளவரசியைக் கடத்திவிடுகிறார்கள். அவளை விடுவிக்க, பிரதமர் டிவி நேரலையில் ஒரு பன்றியோடு... மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஹாலில் அப்பா அம்மா டிபன் சாப்பிடும்போது போடுகிற எபிசோடு இல்லை அது. நல்ல எபிசோடுதான், ஆனால் கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம்.

கதை விட்டுப்போகுமே என்ற கவலை வேண்டாம். ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. நடிகர்கள் வேறு, உலகம் வேறு. எங்கே வேண்டுமானாலும் நுழையலாம்.

முதல் வேலை: செட்டிங்ஸ்

2016-இலிருந்து புதிய சீசன்கள் நெட்பிளிக்ஸில்தான் வருகின்றன. அங்கே அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு கதை போதும். அடுத்தடுத்துப் பார்த்தால் எல்லாம் கலந்து ஒரே இருட்டாகத் தெரியும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் உங்கள் புரொபைலை PIN நம்பர் போட்டுப் பூட்டிவிடுங்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பு பிடிபடவில்லையா, சப்டைட்டில் இருக்கிறது.

தொடங்க வேண்டியது: நோஸ்டைவ்

மூன்றாவது சீசனின் முதல் எபிசோடு. அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார்கள். கதாநாயகி லேசிக்கு 4.2. ஆசைப்பட்ட வீட்டைத் தள்ளுபடியில் வாங்க 4.5 வேண்டும். அதற்காக அவள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே! நம் கதை வேறு மாதிரியா என்ன? ஆப்பில் ஆட்டோ பிடித்தால் இறங்கியதும் ஓட்டுநருக்கு ஸ்டார் போடுகிறோம், அவரும் நமக்குப் போடுகிறார். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். பேச்சிலரா, வெஜ்ஜா, எங்கே வேலை என்று ஹவுஸ் ஓனர் வாசலிலேயே மனசுக்குள் மார்க் போட்டு முடித்துவிடுவார். அதற்கு ஆப் கூட வேண்டாம்.

இந்த எபிசோடு சுருக்கென்று குத்தும், ஆனால் தூக்கத்தைக் கெடுக்காது. அதனால்தான் இது முதலில்.

அப்புறம்?

இரண்டாவதாக சான் ஜூனிபெரோ. அமெரிக்காவின் பெரிய டிவி விருதான எம்மியை 2017-இல் வாங்கிய காதல் கதை. கதைச்சுருக்கம் படிக்காமல் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்து இன்னொரு காதல் கதை, ஹேங் த டிஜே.

அதற்குப் பிறகு பி ரைட் பேக். இறந்துபோன காதலன் எழுதிய மெசேஜ்களையும் போட்ட பதிவுகளையும் வைத்து, அவனைப் போலவே பேசும் ஒன்றை அவனோடு வாழ்ந்த பெண் வாங்குகிறாள். 2013-இல் வந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். என்னைக் கேட்டால் மொத்தத் தொடரிலும் இதுதான் சிறந்தது. சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்திருந்தால் மட்டும் இப்போது வேண்டாம்.

ஏழாவது சீசனின் காமன் பீப்பிள், ரீசார்ஜ் பிளான் விலை ஏறும்போதெல்லாம் புலம்புகிறவர்களுக்கானது. மனைவியின் உயிரே மாதச் சந்தாவில் ஓடுகிறது. மலிவு பிளானில் இருந்தால் அவள் வாயிலிருந்து விளம்பரம் வரும். சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பீர்கள்.

தள்ளிவைக்க வேண்டியவை

ஷட் அப் அண்ட் டான்ஸ், ஒயிட் பேர், ஒயிட் கிறிஸ்துமஸ் மூன்றும் கனமானவை. நாலைந்து கதை பார்த்த பிறகு, மறுநாள் லீவு இருக்கிற ராத்திரியில் பாருங்கள். யுஎஸ்எஸ் காலிஸ்டர் என்ற எபிசோடின் தொடர்ச்சி ஏழாவது சீசனில் இருக்கிறது. இதில் மட்டும் வரிசை முக்கியம், நாலாவது சீசனில் வந்ததை முதலில் பார்த்துவிடுங்கள்.

பேண்டர்ஸ்னாட்ச் என்று ஒன்றை யாராவது சொல்வார்கள். கதை எப்படிப் போக வேண்டும் என்பதை நாமே ரிமோட்டில் தேர்ந்தெடுக்கும் 2018 படம் அது. 2025-இல் நெட்பிளிக்ஸ் அதை எடுத்துவிட்டது, அங்கே தேடி அலைய வேண்டாம்.