கத்தி தீட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பிசிரைக் கூர் என்று நம்பாதீர்கள்

திருகோணமலையில் இன்னும் சில வீடுகளில் கத்தி தீட்டப்படுவது கிணற்றுக்கட்டில்தான். சீமெந்தில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைக்கு அறக்குளா மீன் துண்டாகும். மறுநாள் அதே கத்தி தக்காளித் தோலில் வழுக்கும். உடனே இரும்பு சரியில்லை என்கிறோம். பெரும்பாலும் குறை இரும்பில் இல்லை, விளிம்பில் விட்டுவைத்த பிசிரில் இருக்கிறது.

ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டே போனால், தேய்மானம் விளிம்பை எட்டியதும் முடியிலும் மெல்லிய பிசிர் ஒன்று எதிர்ப்பக்கமாக மடிந்து எழும். அது கண்ணுக்கு எளிதில் தெரியாது. பெருவிரலை முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே மெல்ல இழுத்தால் சொரசொரவென்று தட்டுப்படும் (விளிம்பின் நீளவாட்டில் இழுத்தால் விரல் வெட்டுப்படும்). அடியிலிருந்து நுனிவரை பிசிர் எழும்புமுன் கத்தியைத் திருப்புவது ஒரு தவறு. எழுந்த பிசிரை அப்படியே விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. சில வெட்டுகளுக்கு அது கூர்போலவே வேலை செய்யும், பிறகு மடிந்தோ முறிந்தோ மழுங்கிய விளிம்பை விட்டுச்செல்லும். ஆகவே பக்கத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் கைப்பாரத்தைக் குறைத்து, கடைசியில் கத்தியின் எடை மட்டுமே கல்லில் படும்படி இழுத்து முடிக்க வேண்டும்.

கோணம் ஆடுவதும் பிசிரைச் சீராக எழவிடாது. சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை போதும். அலகு 45 மில்லிமீற்றர் அகலமானால், 15 பாகைக்கு முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் உயர்ந்திருக்க வேண்டும். 20 பாகைக்கு 15 மில்லிமீற்றர். விளிம்போரத்தில் மாக்கர் பேனையால் மை பூசிவிட்டு இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள்: விளிம்பில் மை எஞ்சினால் கத்தியைத் தாழ்வாகப் பிடித்திருக்கிறீர்கள்.

கல்லைப் பொறுத்தவரை, மழுங்கிய கத்தியை நேரே 6000 இலக்கக் கல்லில் (இலக்கம் கூடக் கூடக் கல் மென்மையாகும்) வைப்பது வீண்வேலை. 1000 இலக்கக் கல்லில் தொடங்குங்கள். நடுவில் குழிந்த கல்லில் கோணம் நிற்காது. வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம், அதாவது இரும்பின் கடினம், போய்விட்டது. நீலத்தை மட்டும் தேய்த்தெடுத்தால் பதம் திரும்பாது.

எஞ்சிய நுண்பிசிரை எடுப்பது தோல்வாரின் வேலை. பழைய இடுப்புவாரைத் தட்டையான பலகையில் ஒட்டினாலே போதும். பச்சை நிறக் குரோமியம் ஒட்சைட்டுப் பசையைத் தடவினால் இன்னும் நல்லது. முதுகு முன்னே, விளிம்பு பின்னே என்று இழுக்க வேண்டும். மாறித் தள்ளினால் தோல்தான் வெட்டுப்படும். இங்கே பலர் அழுத்துகிறார்கள். அழுத்தினால் தோல் பதிந்து விளிம்பைச் சுற்றி எழும்பி, கூர்முனையை உருட்டிவிடும். இழுப்பின் முடிவில் முதுகைத் தூக்கினாலும் அதே கேடுதான். சவரக்கத்தி தீட்டும் பழைய நாவிதர்கள் இழுப்பு முடிந்ததும் முதுகைத் தோலில் ஊன்றியபடியே கத்தியைப் புரட்டுவது இதற்காகத்தான். பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்புக்கு மேல் தேவையில்லை.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று. துருப்பிடிக்கும் கத்தியைத் தீட்டியபின் ஈரத்தோடு வைத்தால், உப்புக்காற்றில் துரு விளிம்பிலேயே முதலில் கடிக்கும். துடைத்துத் தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசி வையுங்கள். மாரியில் தோல்வாரும் பூஞ்சணம் பிடிக்கும்; அதைக் குசினியில் மாட்டாமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள்.