மகரந்த அலர்ஜிக்காரர்கள் உணவு அலர்ஜி டெஸ்டில் சறுக்கும் இடங்கள்

கோயம்புத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள். மகளுக்கு 16 வயது. காலையில் எழுந்தால் வரிசையாகத் தும்மல், பள்ளி மைதானத்தில் புல் வெட்டும் நாளில் கண் சிவந்து வீங்கிவிடும். யாரோ சொன்னார்கள் என்று லேபில் ‘முழு அலர்ஜி பேக்கேஜ்’ எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் நாலு பக்கம். புல் மகரந்தம் பாசிட்டிவ், சரி, அது தெரிந்த கதை. கூடவே கோதுமை, நிலக்கடலை, தக்காளி, வாழைப்பழம், எள் எல்லாம் பாசிட்டிவ்.

“இனிமே இவளுக்கு என்னத்தைடா சமைச்சுப் போடறது?”

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டா?”

“மூணு சப்பாத்தி, தக்காளித் தொக்கு.”

“ஏதாச்சும் செஞ்சுதா?”

“ஒண்ணும் செய்யலையே.”

நான் டாக்டர் இல்லை. இருபது வருஷமாகத் தும்முகிறவன், அலர்ஜி கிளினிக்குகளில் காத்துக் கிடந்து கற்றுக்கொண்டவன். அந்தக் கடைசி வரி நாலு பக்க ரிப்போர்ட்டைவிடப் பெரிய டெஸ்ட் என்பது அங்கே கற்ற முதல் பாடம்.

ரத்தப் பரிசோதனை அளப்பது ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை. அது ரத்தத்தில் இருப்பது ஒரு விஷயம், சாப்பிட்டால் உடம்பு ஏற்காமல் போவது வேறு விஷயம். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாதவர்கள் ஏராளம், அதிலும் மகரந்த அலர்ஜி உள்ளவர்களிடம் மிக அதிகம். காரணம் ஒருவகை ஆள்மாறாட்டம். செடிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் சொந்தக்காரர்கள். மகரந்தத்தில் இருக்கும் சில புரதங்களின் சாயல் பழத்திலும் பருப்பிலும் தானியத்திலும் இருக்கிறது. புல் மகரந்தத்தை எதிர்க்க உடம்பு தயாரித்த ஐஜிஇ, கோதுமையைப் பார்த்ததும் ‘இவனும் அவன்தான்’ என்று ஒட்டிக்கொள்கிறது. கோதுமையும் புல் குடும்பம்தானே. டெஸ்ட் கருவிக்கு ஒட்டியது மட்டும்தான் தெரியும், ஏன் ஒட்டியது என்று தெரியாது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. செடிப் புரதங்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். அருகம்புல் மகரந்தத்தில் இவை உண்டு. சிலருக்கு அந்தச் சங்கிலிக்கே ஐஜிஇ உருவாகிவிடும். அப்படிப்பட்டவரின் ரத்தத்தைச் சோதித்தால் கடலை, கோதுமை, எள், தக்காளி என்று தாவரப் பட்டியல் முழுக்கப் பாசிட்டிவ் காட்டும். சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, தோலில் குத்திப் பார்த்தாலும் பெரும்பாலும் தடிக்காது. சம்பந்தமே இல்லாத பத்துப் பதினைந்து தாவர உணவுகள் ஒரே மாதிரி குறைந்த எண்களில் பாசிட்டிவ் என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

ஆகவே முதல் தவறு டெஸ்ட் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எந்த உணவு, எவ்வளவு, சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில், என்ன ஆனது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் 80 உணவுகளை மொத்தமாகச் சோதிப்பது. வலையை அவ்வளவு பெரிதாக வீசினால் சிக்குவதில் பாதி குப்பை.

அடுத்தது எண்களைப் படிக்கும் விதம். ஒரு உணவுக்கான ஐஜிஇ அளவு 0.35-க்கு மேல் போனால் பாசிட்டிவ், அதற்கு மேல் 1 முதல் 6 வரை வகுப்பு பிரிப்பார்கள். ‘நாலாம் வகுப்பு, ரொம்பக் கடுமை’ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். எண் கூடக்கூட உண்மையான அலர்ஜியாக இருக்க வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். சாப்பிட்டால் உதடு அரிக்குமா, மூச்சு திணறுமா என்பதை அந்த எண் சொல்லாது. ‘மொத்த ஐஜிஇ’ இன்னும் மோசமான வழிகாட்டி. வயிற்றில் பூச்சி இருந்தால்கூட அது ஏறும்.

சரி, மகரந்தத்தால் உண்மையாகவே உணவு ஒத்துக்கொள்ளாமல் போவதே இல்லையா? போகும். அதன் தலைநகரம் வட ஐரோப்பா. அங்கே வசந்தத்தில் பிர்ச் மரம் பூக்கும்போது ஊரே தும்மும். அவர்களில் பலருக்குச் சமைக்காத ஆப்பிளைக் கடித்த சில நிமிடத்தில் உதடும் நாக்கும் அண்ணமும் அரிக்கும். ஹேசல்நட், செர்ரி, பச்சைக் கேரட், செலரியும் அப்படியே. பிர்ச்சின் முக்கியப் புரதத்துக்கு இவற்றில் எல்லாம் சாயல் உண்டு. நார்வே, ஜெர்மனி, சுவிஸ் என்று குடியேறிய நம் ஆட்கள் சிலருக்கும் போய்ச் சில வருஷம் கழித்து இது தொடங்குகிறது. புல் மகரந்தத்தோடு சேர்ந்து வருபவை முலாம்பழம், தர்பூசணி, தக்காளி, வாழை.

இந்தப் புரதங்களில் பல சூட்டுக்கும் இரைப்பை அமிலத்துக்கும் தாங்காது. அதனால்தான் ஆப்பிளைக் கடித்தால் அரிக்கிறது, அதே ஆப்பிளை வேகவைத்தால் பேசாமல் இறங்குகிறது. இது தெரியாமல் கேரட் போட்ட சாம்பாரையும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் புரதங்கள் நோஞ்சான் என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. தோல் பரிசோதனைக்குப் புட்டியில் வரும் ஆப்பிள் சாற்றில் அவை சிதைந்துபோய், நெகட்டிவ் என்று பொய் சொல்லலாம். அப்போது பழத்தையே கொண்டுவரச் சொல்வார்கள். ஊசியை முதலில் பழத்தில் குத்தி, அப்புறம் கையில் குத்துவது. 15 நிமிடத்தில் தடிப்பு 3 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறதா என்று பார்ப்பார்கள். பார்க்க நாட்டு வைத்தியம் போல இருக்கும், ஆனால் முறையான பரிசோதனை.

அந்த ஊசிக்குப் போகும்போது நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முந்தின ராத்திரி வழக்கம்போல செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டேன். கையில் எதுவும் தடிக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற, தடித்தே ஆகவேண்டிய ஹிஸ்டமின் சொட்டுகூட. அந்த நர்ஸ் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். இம்மாதிரி மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், டாக்டரைக் கேட்டு. ஆஸ்துமா இன்ஹேலரை நீங்களாக நிறுத்தவே கூடாது. ரத்தப் பரிசோதனைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதுதான் ஆபத்தானது: ‘மகரந்தச் சாயல்தான், ஒன்றும் ஆகாது’ என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவது. பீச் பழத் தோலில் இருக்கும் ஒருவகைப் புரதம் சூட்டுக்கும் அசையாது, வயிற்றிலும் கரையாது. அதன் சொந்தங்கள் கொட்டைகளிலும் வேறு பழங்களிலும் உண்டு. உடம்பு முழுக்கத் தடித்து, ரத்த அழுத்தம் விழும் அளவுக்குக் கொண்டுபோகும். பிர்ச் அலர்ஜிக்காரர் சோயா பாலை ஒரு டம்ளர் மடமடவென்று குடித்தால் கடுமையாகத் தாக்கலாம். சோயாவில் இருக்கும் பிர்ச் சாயல் புரதம் டெஸ்டுக்கான சோயா சாற்றில் குறைவாக இருப்பதால் சாதாரண சோயா டெஸ்ட் நெகட்டிவாகக்கூட வரலாம். தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் ஒருமுறை வந்திருந்தால் வீட்டில் ‘கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாம்’ என்ற பேச்சே கூடாது.

இங்கேதான் புரதம் புரதமாகப் பிரித்துப் பார்க்கும் டெஸ்ட் உதவும். கடலை மொத்தமாகப் பாசிட்டிவ் என்பதற்குப் பதில், அதிலுள்ள ‘அரா எச் 2’ என்ற புரதம் பாசிட்டிவா, ‘அரா எச் 8’ என்ற புரதம் பாசிட்டிவா என்று சொல்லும். முன்னது உண்மையான கடலை அலர்ஜியின் அடையாளம். பின்னது பிர்ச்சின் சாயல், அது மட்டும் என்றால் பெரும்பாலும் வாய் அரிப்போடு நிற்கும். விலை அதிகம், எல்லோருக்கும் தேவையும் இல்லை. கடைசித் தீர்ப்பு மருத்துவமனையில் டாக்டர் கண்ணெதிரே அந்த உணவைத் துளித்துளியாகக் கூட்டிச் சாப்பிட்டுப் பார்ப்பதுதான்.

ஐஜிஜி (இது ஐஜிஇ அல்ல, வேறொரு எதிர்ப்புரதம்) டெஸ்ட் என்று ‘உணவுச் சகிப்பின்மை’ பேக்கேஜ் விற்கிறார்களே, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் உணவுக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. அப்புறம், வாய் அரித்தாலே அலர்ஜி என்றும் இல்லை. கருணைக்கிழங்கு அரிப்பது அதிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்களால். அதற்குப் புளி போதும், டெஸ்ட் வேண்டாம்.

அக்கா மகளை ஒரு அலர்ஜி டாக்டரிடம் காட்டினோம். ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, எதைச் சாப்பிட்டால் வாயில் ஏதாவது தெரிகிறது என்று அவளையே கேட்டார். சப்பாத்தி, கடலைச் சட்னி, தொக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தவள் கொஞ்சம் யோசித்தாள்.

“முலாம்பழம் சாப்பிட்டா நாக்கு நமநமன்னு இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

நாலு பக்க ரிப்போர்ட்டில் முலாம்பழம் இல்லவே இல்லை.