பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? பாலிடெக்னிக்கா, ஐடிஐயா?

பத்தாம் வகுப்பு மொத்த மார்க்கை வைத்து குரூப் எடுப்பதுதான் பலரும் செய்வது. அதை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்து சேர நினைக்கும் படிப்பு எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்.

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் (தரவரிசைக்கான மதிப்பெண்) 200க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நான்காவது பாடம் உயிரியலா கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது இந்தக் கணக்கிலேயே வராது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்பது தவறான எண்ணம். கணிதம்-உயிரியல் எடுத்தவரும் தாராளமாகச் சேரலாம். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும், கணிதம் வேண்டாம். ஆனால் கணிதம் இல்லாத தாவரவியல்-விலங்கியல் குரூப் எடுத்தால் மேலே சொன்ன பொறியியல் கட்-ஆஃபே போட முடியாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று கணிதம்-உயிரியல் எடுப்பவர்கள் உண்டு. இரண்டிலும் ஆர்வம் இருந்தால் சரி. இல்லையென்றால் நீட்டுக்குப் படிக்க வேண்டிய நேரத்தைக் கணிதம் தின்றுவிடும்.

கணிதம் ஒத்துவருமா என்று சோதிக்க ஒரு வழி: பிளஸ் ஒன் கணிதப் புத்தகம் முதல் தொகுதியில் முக்கோணவியல் பாடத்தை எடுங்கள். எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பயிற்சிக் கணக்கு பத்தைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். பாதியாவது வந்தால் துணிந்து எடுக்கலாம். பத்தாம் வகுப்பில் 95 வாங்கியவர்களும் இங்கே திணறுவார்கள். மாதிரிக் கணக்கை மனப்பாடம் செய்து வாங்கிய மார்க் இங்கே கைகொடுக்காது.

காமர்ஸில் சேருவோர், சிஏ (பட்டயக் கணக்காளர்) எண்ணம் இருந்தால், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸைவிட வணிகக் கணிதம் உள்ள பிரிவைப் பார்ப்பது நல்லது. சிஏ படிப்பின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த தாள் ஒன்று உண்டு.

பத்தாம் வகுப்பு முடித்து நேராக பாலிடெக்னிக் போனால் மூன்றாண்டு டிப்ளமோ. அதை முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கையால் வேலை செய்யப் பிடித்த பிள்ளையை மார்க் இருக்கிறதே என்று சயின்ஸ் குரூப்பில் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஐடிஐயில் டிரேடின் (தொழிற்பிரிவின்) கால அளவைக் கவனியுங்கள். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டாண்டு, வெல்டர் ஓராண்டு. இரண்டாண்டு டிரேடு முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதைப் பத்தாம் வகுப்புக்குப் பின் படித்தவர் மேல்நிலை வகுப்பு மொழிப்பாடங்களை மட்டும் எழுதி பிளஸ் டூவுக்கு இணையான சான்றும் பெறலாம். ஓராண்டு டிரேடுக்கு இவை கிடையாது. சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று அதை எடுத்தவர்கள் பிறகு மேலே படிக்க நினைக்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்னொன்று: மருத்துவம், பொறியியலில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். விரும்பிய குரூப் கிடைக்கவில்லை என்று தனியார் பள்ளிக்கு மாறினால் அந்தத் தகுதி போய்விடும். பக்கத்தில் உள்ள வேறு அரசு மேல்நிலைப் பள்ளியில் அந்த குரூப் இருக்கிறதா என்று டிசி வாங்கும் முன்பே விசாரியுங்கள்.