டிஎல்எல் காணவில்லை என்று அடம்பிடித்த பழைய கணினி

அப்பாவின் கடையில் உள்ள விண்டோஸ் 7 கணினியில், பில் போடும் மென்பொருள் ஒருநாள் காலை திறக்கவே இல்லை. 'எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் காணவில்லை' என்ற செய்திதான் வந்தது. டிஎல்எல் என்பது மென்பொருள்கள் இயங்கத் தேவைப்படும் துணைக் கோப்பு.

முதலில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து கோப்புகளைச் சரிபார்க்கும் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' கட்டளையை ஓட்டினேன். குறை எதுவும் இல்லை என்றது. அது சரிதான், விண்டோஸோடு வரும் கோப்புகளை மட்டுமே அது பார்க்கும். இந்தக் கோப்போ மைக்ரோசாஃப்ட் தனியாகத் தரும் விஷுவல் சி++ 2010 என்ற துணைக் கோப்புத் தொகுப்போடு வருவது.

அப்புறம் அவசரத்தில் ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் இறக்கி, மென்பொருள் இருந்த ஃபோல்டரில் போட்டேன். பழைய செய்தி போய், '7பி' என்று முடியும் வேறொரு பிழை வந்தது. மென்பொருள் 32 பிட், நான் போட்டது 64 பிட் கோப்பு! இரண்டும் ஒட்டாது. தயவுசெய்து இப்படித் தனிக் கோப்பை எங்கிருந்தோ எடுத்துப் போடாதீர்கள். அதில் வைரஸ் இருந்திருந்தால் கடைக் கணக்கு மொத்தமும் போயிருக்கும்.

அதை அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி++ 2010 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை எடுத்தேன். கணினி 64 பிட்டாக இருந்தாலும் மென்பொருள் 32 பிட் என்பதால் எக்ஸ்86, அதாவது 32 பிட் தொகுப்புதான் வேண்டும். அது டிஎல்எல்லை சிஸ்டம்32-இல் வைக்காது, சிஸ்வாவ்64 ஃபோல்டரில் வைக்கும். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் 32 பிட் கோப்புகளின் இடம் அதுதான்.

நிறுவி, ரீஸ்டார்ட் செய்தேன். பில் திரை வந்தது. அப்பா உடனே முதல் பில்லைப் போட்டார்.