சிடி ஆஞ்சியோவுக்குப் போகும் முன்பு

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறது, இசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, டாக்டர் சிடி ஆஞ்சியோ (இதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று சிடி ஸ்கேனில் பார்க்கும் பரிசோதனை) எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால் இது உங்களுக்குத்தான். இந்த நிமிடமே வலியும் வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் அகலமே 2 முதல் 4 மில்லிமீட்டர்தான், அதுவும் ஓயாமல் துடிக்கும் இதயத்தின் மேல் ஓடுகின்றன. இரண்டு துடிப்புக்கு நடுவில் இதயம் ஓய்ந்திருக்கும் அந்தக் கண நேரத்தில்தான் படம் பிடிக்க வேண்டும். அதனால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60, 65க்குள் இருப்பது ரொம்ப முக்கியம். வேகமாக இருந்தால் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை கொடுத்துக் குறைப்பார்கள், ஆஸ்துமா இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காபி, டீ, சிகரெட் முந்தைய நாளிலிருந்தே வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காகக் கையில் ஏற்றும் மருந்தில் அயோடின் இருக்கிறது, எனவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள், பழைய அலர்ஜியைக் கேட்பார்கள். குழாய் விரிவதற்காக நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் வைப்பார்கள். இங்கே கூச்சப்படாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடலாஃபில் வகை மாத்திரை கடந்த இரண்டு மூன்று நாளில் போட்டிருந்தால் மறைக்காதீர்கள், அதுவும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும், பயப்பட வேண்டாம். பத்து நொடி மூச்சை அடக்கி அசையாமல் இருந்தால் போதும். வீட்டிலேயே நாலைந்து தடவை பழகிவிட்டுப் போங்கள், அங்கே பதற்றம் குறையும்.

ரிப்போர்ட்டில் முதலில் கால்சியம் ஸ்கோர், அதாவது குழாய்ச் சுவரில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்ற எண், இருக்கும். 0 என்றால் நல்ல செய்திதான், ஆனால் கால்சியம் படியாத மென்மையான கொழுப்புப் படிவும் உண்டு, இளம் வயதினருக்கு முக்கியமாக. 400க்கு மேல் போனால் கால்சியத்தின் பளபளப்பே அடைப்பைப் பெரிதாகக் காட்டிவிடலாம். அப்புறம் குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்ற சதவீதம்: 50க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் மருந்துதான், 50 முதல் 69 என்றால் ரத்த ஓட்டம் உண்மையில் குறைகிறதா என்று இன்னொரு பரிசோதனை, 70க்கு மேல் என்றால் ரத்தக் குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டுப் பார்க்கும் வழக்கமான ஆஞ்சியோ வரை பேச்சு போகும். இடது பிரதான குழாயில் மட்டும் 50 சதவீதமே பெரிய விஷயம்.

30 சதவீதம்தானே என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சின்னப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்தும் மாரடைப்பு வரும். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், 2018இல் வெளியான முடிவுப்படி, 5 வருடத்தில் மாரடைப்போ இதய நோயால் மரணமோ நேர்ந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 3.9 சதவீதம், கூடவே சிடி எடுத்தவர்களில் 2.3. படத்தைப் பார்த்துத் தேவையானவர்களுக்கு மருந்து தொடங்கியதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.