ஸ்லோடைவ் கேட்கத் தொடங்குவோருக்கு: பாட்டுகளை எண்ணிப் பதிப்பை அறிதல்

கிளிநொச்சியில் நண்பர்கள் சிலருக்கு ஸ்லோடைவ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவை அறிமுகப்படுத்தியபோது எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். ஒரே பெயரில் பத்துப் பாட்டுள்ள அல்பமும் உண்டு, பதினான்கு பாட்டுள்ளதும் உண்டு, இரட்டை இறுவட்டும் உண்டு. எது மூலம், எது பிறகு சேர்த்தது என்று தெரியாமல் கேட்பவர், குழு நினைத்திராத இடத்தில் அல்பம் முடிவதாக எண்ணிக்கொள்வார். அதற்கு நான் கைக்கொள்ளும் வழி எளியது: பாட்டுகளை எண்ணுங்கள்.

இக்குழு 1989 இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் தொடங்கியது. நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் கோஸ்வெல் இருவரும் பாடிக்கொண்டே கிற்றார் வாசிப்பார்கள். மேடையில் குனிந்து நின்று, காலடியிலுள்ள ஒலிமாற்றிப் பெடல்களையே பார்த்தபடி வாசித்த இளைஞர்களுக்கு அக்காலப் பிரித்தானிய இசைப் பத்திரிகைகள் கேலியாக வைத்த பெயர்தான் ஷூகேஸ், அதாவது சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. கேலி மறைந்துவிட்டது, இவ்வகை இசைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது.

படி 1: கேட்கும் கருவி

கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் இந்த இசையைக் கேட்க வேண்டாம். பல கிற்றார்கள் எதிரொலியில் ஊறி ஒன்றாகக் கலந்திருக்க, குரலும் அவற்றுக்குள்ளேயே அமிழ்ந்திருக்கும்; சின்ன ஒலிபெருக்கியில் அது வெறும் இரைச்சலாகிவிடும். இரணைமடுக் குளம் வான் பாயும்போது அருகில் நின்று ஒருவர் கதைத்தால், நீரின் இரைச்சலுக்குள்ளே அவர் குரலைத் தேடிப் பிடிப்போம் அல்லவா? கேட்க வேண்டிய முறை அதுதான். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் வயர் ஹெட்போனே போதும்.

படி 2: நடுவிலிருந்து தொடங்குங்கள்

முதல் அல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்பது பலருக்கும் தோன்றும் யோசனை. நான் அதை ஏற்பதில்லை. 1991 இல் வந்த 'ஜஸ்ட் ஃபோர் எ டே' அவசரத்தில் பிறந்தது. போதிய பாட்டுகள் இருப்பதாக ஹால்ஸ்டெட், அவர்களின் இசை வெளியீட்டு நிறுவனமான கிரியேஷனை நம்பவைத்துவிட்டு, பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்துதான் அவற்றை எழுதினார்கள். 1993 இல் வந்த 'சூவ்லாக்கி' அல்பத்திலிருந்து தொடங்குங்கள். மூலப் பதிப்பில் பத்துப் பாட்டுகள். 'அலிசன்' முதலாவது, 'டாகர்' கடைசி. 'வென் த சன் ஹிட்ஸ்' பாட்டு மெதுவாக நடந்து வந்து, பல்லவி தொடங்கும் இடத்தில் எல்லாக் கிற்றார்களும் ஒருமிக்க எழும். அந்த இடம் பிடித்துப்போனால் இந்தக் குழு உங்களுக்குரியதுதான். பெயர்பெற்ற இசைக்கலைஞரும் தயாரிப்பாளருமான பிரயன் ஈனோவிடம் அல்பத்தைத் தயாரித்துத் தருமாறு ஹால்ஸ்டெட் கேட்டபோது, அவர் அதற்கு இணங்காவிட்டாலும் சில நாள் கூட இருந்து வேலை செய்தார். 'சிங்', 'ஹியர் ஷி கம்ஸ்' ஆகிய இரண்டிலும் அவருடைய கை இருக்கிறது.

இந்த அல்பம் வெளிவந்த ஆண்டில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால், வன்னிக்குள் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். என் சித்தப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் கசற் கேட்டவர். கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும். 'சூவ்லாக்கி ஸ்பேஸ் ஸ்டேஷன்' பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டியபோது, கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "ஆர் தம்பி டைனமோ சுத்துறது?" என்று கேட்டார். அந்தப் பாட்டைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் வாசித்ததில்லை.

படி 3: ஈ.பி.க்களுக்குப் போங்கள்

அபூர்வப் பதிவுகளைத் தேடுபவர்கள் திருட்டுப் பதிவுகளில் காசைக் கொட்டுமுன் ஈ.பி.க்களை, அதாவது மூன்று நான்கு பாட்டுகள் கொண்ட சிறு வெளியீடுகளை, முழுமையாகக் கேட்க வேண்டும். இந்தக் குழுவின் உயிர் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலாவது 1990 நவம்பரில் குழுவின் பெயரிலேயே வந்தது, மூன்று பாட்டுகள். அது உண்மையில் மாதிரிக்காகச் செய்த பதிவு. மறுபடி ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது பழையதே நன்றாக இருந்ததால் அதையே வெளியிட்டார்கள். 1991 இல் 'மோர்னிங்ரைஸ்' மூன்று பாட்டுகளோடும், 'ஹோல்டிங் அவர் பிரெத்' நான்கு பாட்டுகளோடும் வந்தன. பிந்தியதில் உள்ள 'கோல்டன் ஹெயர்', ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜோய்ஸின் கவிதைக்கு, பிங்க் ஃபுளோய்ட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பரட் இசையமைத்த பாட்டின் மறுவடிவம். 1993 இல் 'அவுட்சைட் யுவர் ரூம்', '5' என்று மேலும் இரண்டு ஈ.பி.க்கள், ஒவ்வொன்றிலும் நான்கு பாட்டுகள். முன்னதில் 'சோ டயர்ட்', 'மூசாக்கா கேயோஸ்' ஆகிய இரண்டும் அல்பத்தில் இல்லாதவை. '5' இலுள்ள 'இன் மைண்ட்' பாட்டை பண்டுலு, ரீலோட் என்ற மின்னிசைக் கலைஞர்கள் மாற்றியமைத்த வடிவங்களும் அப்போது வெளிவந்தன. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 4: எண்ணிப் பாருங்கள்

'சூவ்லாக்கி' பதினான்கு பாட்டுகளோடு இருந்தால் அது 1994 இன் அமெரிக்கப் பதிப்பு. '5' ஈ.பி.யின் நான்கு பாட்டுகளில் மூன்றும், லீ ஹேசில்வுட் எழுதிய 'சம் வெல்வெட் மோர்னிங்' பாட்டின் மறுவடிவமும் அதில் வால்போலச் சேர்க்கப்பட்டிருக்கும். அதில் கேட்பதானால் பத்தாவது பாட்டோடு நிறுத்திவிட்டு, மீதியை இன்னொரு நாளைக்கு வையுங்கள். 'டாகர்' முடிந்ததும் வர வேண்டியது அமைதி.

இரட்டை இறுவட்டாக இருந்தால் அது 2005 இலோ 2010 இலோ வந்த மறுபதிப்பாக இருக்கும். 'ஜஸ்ட் ஃபோர் எ டே' மறுபதிப்பின் இரண்டாவது வட்டில் ஆரம்ப ஈ.பி. பாட்டுகளும், 1991 இல் பிபிசி வானொலியில் அறிவிப்பாளர் ஜோன் பீலின் நிகழ்ச்சிக்காக வாசித்த பதிவுகளும் உண்டு. முந்திய ஈ.பி.க்களைத் தனித்தனியே வாங்க வசதியில்லாதவர்களுக்கு அதுவே சிக்கனமான வழி.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் மச்சானைக் கொண்டு "வெளிவராத பாட்டுகள்" என்று விளம்பரம் செய்திருந்த ஒரு இறுவட்டை இணையத்தில் வாங்குவித்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. திருப்பிப் பார்த்தால் வட்டின் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லை, நீலமாகப் பச்சை கலந்து மினுங்கியது. வீட்டுக் கணினியில் எரித்த வட்டு. உள்ளே இருந்தவை 'பிக்மேலியன்' அல்பத்துக்கான மாதிரிப் பதிவுகள். அவற்றிற் சில 2010 மறுபதிப்பின் இரண்டாவது வட்டிலேயே இருக்கின்றன! ஆகவே வாங்குமுன் அடிப்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

படி 5: 'பிக்மேலியன்', இரவில்

1995 இல் வந்த இந்த அல்பத்தில் ஒன்பது பாட்டுகள். 'ரட்டி' என்ற முதற்பாட்டே பத்து நிமிடம். கிற்றார்கள் கரைந்து, திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளாகிவிட்டன. மேளக்காரர் சைமன் ஸ்கொட் இதற்கு முன்பே விலகிவிட்டார். வெளிவந்து ஒரு வாரத்திற்குள் கிரியேஷன் குழுவைக் கைவிட்டது. பகலில், வீதிச் சத்தத்துக்கு நடுவே இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று குறைப்படாதீர்கள். மின்வெட்டு வந்து அயல்வீட்டுத் தொலைக்காட்சியும் ஓய்ந்த இரவில் கேளுங்கள்.

படி 6: மீண்டு வந்த பிறகு

அதே ஆண்டில் ஹால்ஸ்டெட்டும் கோஸ்வெல்லும் மொஜாவே 3 என்ற குழுவாக, நாட்டுப்புறச் சாயல் கொண்ட அமைதியான பாட்டுகளுக்கு மாறினார்கள். ஸ்லோடைவ் 2014 இல், ஸ்கொட்டும் திரும்பிச் சேர, மறுபடி மேடையேறியது. 2017 இல் குழுவின் பெயரிலேயே ஓர் அல்பமும், 2023 இல் 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' என்பதும் வந்தன. இரண்டிலும் எட்டு எட்டுப் பாட்டுகள். பிந்தியது, 2020 இல் இறந்த கோஸ்வெல்லின் தாயாருக்கும் ஸ்கொட்டின் தந்தையாருக்கும் காணிக்கையாக்கப்பட்டது. இவற்றில் பதிப்புக் குழப்பம் இல்லை; கிடைத்ததைக் கேட்கலாம்.

இசைத்தட்டாக வாங்குபவர்கள் அதை நிமிர்த்தி வைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் படுக்கையில் கிடந்தாலே தட்டு நெளிந்துவிடும். ஒரு கொப்பியில் பெயர், ஆண்டு, பாட்டுகளின் எண்ணிக்கை என்று மூன்று கோடு போட்டு எழுதி வந்தால், ஒன்றையே இரண்டு முறை வாங்க நேராது. என் கொப்பியில் 1995 இன் மூல 'பிக்மேலியன்' இசைத்தட்டுக்கு ஒதுக்கிய வரி இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதன் விலையை மட்டும் பென்சிலால் எழுதி, ஏற ஏற அழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.